மூட்டு விளையாத பாத்தி

கடல் கீழமுத்தளத்திலிருந்து மூன்று மைல் தள்ளியே நின்றுகொண்டு, தான் வராமல் தன் தண்ணீரை மட்டும் வாய்க்கால் வழியாக அனுப்பிவைக்கிற எங்கள் உப்பளத்தில், மாசி பிறந்து பதினோராம் நாள் விடிந்தபோது, மற்றப் பாத்திகளில் எல்லாம் உப்பு உப்பாகவே விளைந்திருக்க, அன்னக்கனி வாருகிற பதினான்காம் பாத்தியில் மட்டும் அது ஒரு பிள்ளையின் எலும்பாக விளைந்திருந்தது.

தலையிலிருந்து கால்வரை பதினேழு அடி என்று கங்காணி பால்துரை டேப் பிடித்து அளந்து சொன்னார். பெரிய தலை, அதன் கீழே வளைந்து போகிற முதுகெலும்பு, நூல் கனத்தில் விலா எலும்புகள், அப்புறம் இரண்டு கை, இரண்டு கால், எல்லாம் கணுக்கால் ஆழத் தண்ணீருக்கு அடியில் வெள்ளை வெளேரென்று கிடந்தன. யாரும் அலறவில்லை. எங்கள் ஆட்கள் காலை ஐந்து மணிக்கு வேலைக்கு இறங்குகிறவர்கள், வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டியது அவ்வளவு கிடக்கும், ஆகையால் இது என்ன என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, இது யாருடைய பிள்ளை என்றுதான் கேட்டார்கள். பெண்கள் ஒருவர் வயிற்றை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியாகத் தூக்குவாளியோடு வரப்பில் வந்த அன்னக்கனி பாத்தியைப் பார்த்தாள், அவளை அறியாமல் அவள் கை வயிற்றுக்குப் போயிற்று, அதோடு ஊருக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

அவளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது அதுவரை எனக்கு மட்டும்தான் தெரியும். நான் ஞானசௌந்தரி, கீழமுத்தளம் துணை சுகாதார நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக கிராம நர்ஸ். மூன்று வருஷத்துக்கு முன்னால் நாலாம் மாதத்தில் ஒன்று தங்காமல் போனதால், இந்தத் தடவை ஐந்து மாதம் முடிகிறவரை புருஷனுக்குக்கூடச் சொல்லப் போவதில்லை என்று அவள் என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அன்றைக்குக் காலையில் உப்புக் காலோடு நேரே என் அறைக்குள் வந்து நின்று கத்தினாள்.

"யாருகிட்ட சொன்னிய? நெசத்தச் சொல்லுங்கக்கா."

"நான் யாருகிட்டயும் சொல்லலம்மா."

"பின்ன பாத்திக்கு யாரு சொன்னா?"

நான் சீட்டுக் கட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் நான் அந்தச் சீட்டை எழுதினேன். எழுதியதற்கு ஒரு காரணம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் என்னைத் திட்டலாம். இருபத்திரண்டு வருஷமும் இந்த ஊரில் நான் ஒரே ஒரு வார்த்தையைத்தான் தொண்டை கிழியச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஓய்வு. ஏழு மாத வயிற்றோடு தலையில் உப்புச் சட்டி சுமந்து அம்பாரத்தில் ஏறிக் கொட்டுகிறவளிடம் சொன்னேன், ஒன்பது மாதத்தில் வாருபலகை இழுக்கிறவளிடம் சொன்னேன், வலி கண்டபிறகும் இந்தப் பாத்தியை முடித்துவிட்டு வருகிறேன் என்றவளிடம் சொன்னேன். எல்லாரும் "சரிக்கா" என்று தலையை ஆட்டுவார்கள், மறுநாள் பாத்தியில் நிற்பார்கள். கொஞ்சம் நட என்று எழுதினால் சுமை தூக்குவார்கள், சுமை தூக்காதே என்று எழுதினால் இரட்டைச் சுமை தூக்காமல் ஒற்றைச் சுமை தூக்குவார்கள். அந்த எரிச்சல் எல்லாம் சேர்ந்து, அவள் வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், கைப்பழக்கத்தில் எழுதினேன்: முழு ஓய்வு தேவை. அசையவே கூடாது. கீழே கையெழுத்துப் போட்டு முத்திரையும் குத்தினேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஊர் என் பேச்சைக் கேட்டது.

அன்று சாயந்திரமே ஒரு கமிட்டி போட்டார்கள், பால்துரை தலைவர் ஆனார், பதினான்காம் பாத்தியைச் சுற்றிக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள், அந்த வரப்பில் செருப்பில்லாத காலும் போகக் கூடாது என்றார்கள், உப்பு ஏற்ற வருகிற லாரிகள் ஊர் எல்லையிலேயே ஹாரனை மறந்துவிட வேண்டும் என்றார்கள், கோயில் கொடைக்கு மேளம் வேண்டாம், வெறும் பூஜை போதும் என்று முடிவு செய்தார்கள், பள்ளிக்கூடத்தில் மணி அடிக்காமல் வாத்தியாரே வகுப்பு வகுப்பாகப் போய் விட்டாச்சு என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தார், மிக்ஸி ஓட்டுகிறவர்கள் ஊருக்கு வெளியே பம்புசெட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்தார்கள். அன்னக்கனியை அவள் வீட்டு நடு அறையில் கட்டிலில் படுக்கவைத்து, ஒரு நாளைக்கு மூன்று பெண்கள் என்று முறை வைத்துக்கொண்டு காவல் இருந்தார்கள். அவளுக்கு ஊட்டினார்கள், தலை வாரினார்கள், ஒருக்களித்துப் படுக்க வேண்டும் என்றால்கூட அவர்களே புரட்டிவிட்டார்கள். யாரும் அவளை இடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கையைப் பிடித்து மறிக்கக் கூடாது என்று கமிட்டி தனியாக ஒரு தீர்மானமும் போட்டது.

என் சீட்டை லேமினேட் செய்து டீக்கடை வாசலில் ஆணி அடித்து மாட்டினார்கள். டீ குடிக்க வருகிறவர்கள் எல்லாரும் அதை ஒரு தடவை சத்தமாகப் படித்துவிட்டுத்தான் கிளாஸைக் கையில் எடுத்தார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது, மறைத்து என்ன ஆகப்போகிறது, ரொம்பப் பெருமையாக இருந்தது.

மாசி போய்ப் பங்குனி வந்தது. மற்றப் பாத்திகளில் பெண்கள் வழக்கம்போல இறங்கி மிதித்தும் கலக்கியும் கொடுத்தார்கள், கங்காணி வழக்கம்போல வரப்பில் நின்று, "கலக்குங்க, நல்லா கலக்குங்க, பாளம் விழுந்துரும்" என்று கத்திக்கொண்டிருந்தார், பதினான்காம் பாத்திக்கு வந்ததும் குரலைத் தாழ்த்திக் கும்பிட்டுவிட்டுப் போனார். அந்தப் பாத்தியில் எலும்புகள் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே வந்தன, விலா எலும்பு விரல் கனம் ஆயிற்று, மண்டை ஓடு கல்யாணத்து அண்டா அளவுக்கு வந்தது. கையும் காலும் மட்டும் முதல் நாள் எப்படி இருந்தனவோ அப்படியே நாலு நேர்க் கம்புகளாக இருந்தன. முழங்கை இல்லை, முழங்கால் இல்லை, எங்கேயும் ஒரு மடிப்பு இல்லை.

 அப்புறம் ஒருநாள் டீக்கடையில் வாய் விட்டுக் கேட்டுவிட்டேன், மூட்டு எங்கே என்று.

"அதத்தான் நாங்களும் பேசிக்கிட்டு இருக்கோம் நர்சம்மா" என்றார் பால்துரை. அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். "இந்த ஊருல முட்டுவலி இல்லாத ஒரு ஆளக் காட்டுங்க பாப்போம். எனக்கு ரெண்டு முட்டும் போச்சி. எங்க அய்யாவுக்கு நாப்பது வயசுல போச்சி. நீங்க குடுக்குற மாத்திரை எத்தன அட்ட தின்னுருப்போம்? மூட்டே இல்லாட்டா மூட்டுவலி எப்படி வரும்? இது வரம்லா!"

டீக்கடையில் இருந்த ஒன்பது பேரும் தங்கள் முழங்காலைத் தடவிக்கொண்டு தலையாட்டினார்கள்.

"அந்தப் பிள்ள எப்படி உக்காரும்?"

"நின்னுக்கிடட்டும். நாங்கல்லாம் உக்காந்து என்னத்தக் கண்டோம்?"

"சோத்த எப்படி வாய்க்குக் கொண்டுபோவும்?"

"ஊரே ஊட்டிவிடும்" என்றார் பால்துரை. அவர் மனசார அதைச் சொன்னார், அதுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது. கெட்ட எண்ணத்தில் சொல்லியிருந்தால் சண்டை போடலாம்.

சித்திரையில் டவுனுக்கு ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனோம். அன்னக்கனியின் புருஷன் லிங்கதுரை லோடு வேன் ஓட்டுகிறவன். வேனில் ஆறு மெத்தை போட்டு அவளைப் படுக்கவைத்து, பதினெட்டுக் கிலோமீட்டரை மூன்று மணி நேரத்தில் ஓட்டினான். சைக்கிளில் வந்தவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போனார்கள். ஸ்கேன் அறையில் அந்த டாக்டரம்மா திரையை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பாத்தியில் இருக்கிற அதே பிள்ளைதான் திரையிலும் இருந்தது, அதே நாலு கம்பு. பிள்ளை அசையவே இல்லை. இதயம் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். நான் புரிந்துகொண்டதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூட்டு என்பது இரண்டு எலும்பைக் கொண்டுவந்து சேர்ப்பது இல்லையாம். முதலில் கை முழுவதும் ஒரே தண்டாகத்தான் வருமாம். எந்த இடத்தில் மடங்க வேண்டுமோ அந்த இடத்தில், எலும்பாகப் போய்க்கொண்டிருந்த அணுக்களில் ஒரு சின்னக் கூட்டம், நாங்கள் எலும்பாக மாட்டோம் என்று முரண்டு பிடித்து நின்றுவிடுமாம். அந்த இடம் மெலிந்து, ஒரு கோடு விழுந்து, கோடு பிளந்து, பிளவில் நீர் கோத்துக்கொள்ளுமாம். அவ்வளவும் நடந்தாலும், பிள்ளை உள்ளே கையைக் காலை உதறிக்கொண்டே இருந்தால்தான் அந்த இடைவெளி நிற்குமாம். உதறாவிட்டால் மறுபடி ஒட்டிக்கொள்ளுமாம். இதெல்லாம் இதற்குள் முடிந்திருக்க வேண்டும், இப்போதே ரொம்ப லேட் என்றார்.

"அம்மா நடந்தா பிள்ள அசையுமா மேடம்?"

"அப்படின்னு நான் சொல்ல மாட்டேன் சிஸ்டர். ஆனா இந்தப் பொண்ண யாரு இப்படிக் கட்டிலோட கட்டிப் போட்டது? இவங்களுக்குப் படுத்துக் கிடக்க வேண்டிய காரணம் ஒண்ணுமே இல்லையே."

 என் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஊருக்கு வந்ததும் நேரே டீக்கடைக்குப் போனேன். ஆணியிலிருந்து சீட்டைப் பிடுங்கிக் கிழிக்கப் பார்த்தேன். லேமினேட் செய்த சீட்டு கிழியுமா? முறுக்கினேன், கடித்தேன், தரையில் போட்டு மிதித்தேன், அது வளைந்து வளைந்து நிமிர்ந்துகொண்டது. ஊர் கூடி வேடிக்கை பார்த்தது. "நான் தப்பா எழுதிட்டேன்" என்று கத்தினேன். "பிள்ள அசையணும். அவள எழுப்பி நடக்க விடுங்க. தப்பு என்னுது."

பால்துரை என் கையிலிருந்து சீட்டை வாங்கித் துண்டால் துடைத்தார். "அசையக் கூடாதுன்னு எழுதுனது நீங்க. அசையணும்னு சொல்லுததும் நீங்க. நாளைக்கு என்ன சொல்லுவியன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்? முத்திரை குத்துனதத்தான் நாங்க நம்ப முடியும்."

நான் லிங்கதுரையைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"போன பிள்ள எதுனால போச்சின்னு நீங்கதான சொன்னிய? சும சொமந்தா, அதான் போச்சின்னு. ஆஸ்பத்திரி வாசல்ல வச்சி எல்லாரு முன்னாடியும் சொன்னிய. இந்தத் தடவ நான் அவள எந்திரிக்க விட மாட்டேன்க்கா."

ஆமாம், சொன்னேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்த வாசலில், சொல்லச் சொல்லக் கேட்காமல் இப்படிப் பண்ணிவிட்டாளே என்ற கோபத்தில், எதனால் போயிற்று என்று யாருக்குமே தெரியாத ஒன்றுக்கு நான் காரணம் சொன்னேன். அன்னக்கனி அப்போது எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அதை நான் மறந்தே போயிருந்தேன், அவர்கள் மறக்கவில்லை.

சித்திரையும் முடிந்தது. தினமும் போய்க் கமிட்டியிடம் கெஞ்சினேன், மேலதிகாரிகளுக்கு எழுதிப் போட்டேன், மேலே இருந்து பாத்தியைப் பார்க்க வந்தவர்கள் கயிற்றுக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, நல்லா மெயின்டெயின் பண்றாங்க என்று ஊரைப் பாராட்டிவிட்டுப் போனார்கள். பாத்தியில் நாலு கம்புகளும் தொடைக் கனத்துக்கு வந்துவிட்டன, வெயிலில் கண்ணாடிபோல மின்னின, பெண்கள் அதைப் பார்த்து எவ்வளவு திடம், எவ்வளவு திடம் என்று நெட்டி முறித்தார்கள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வைகாசி பிறந்து மூன்றாம் நாள், மத்தியானம், அன்னக்கனியின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். காவல் முறை அன்றைக்கு அவள் மாமியார் சொர்ணத்துடையது. கதவோரத்தில் முறத்தோடு உட்கார்ந்து பயறு பொறுக்கிக்கொண்டிருந்தாள். அன்னக்கனியின் கால் இரண்டும் சூம்பிப் போயிருந்தன. பதினோரு வயசிலிருந்து வரப்பில் ஓடிய கால்கள் அவை.

"அன்னக்கனி, போன பிள்ள நீ சுமந்ததால போகல."

அவள் என்னைப் பார்த்தாள்.

"அது எதனால போச்சின்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. அன்னைக்கு உன் மேல இருந்த கோவத்துல சொன்னேன். வாய்க்கு வந்தபடி சொன்னேன்."

 கதவோரத்தில் பயறு பொறுக்குகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

"மூணு வருசம்க்கா" என்றாள் அன்னக்கனி. "மூணு வருசமா நாந்தான் கொன்னேன்னு கெடந்தேன். இவ்வளவு லேசா சொல்லுதிய."

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, அவளுக்குக் கோபம்தான் வந்தது, முகமெல்லாம் சிவந்து மூச்சு வாங்கியது. டாக்டரம்மா சொன்னதையும் சொல்லச் சொன்னாள். தண்டு, கோடு, பிளவு, நீர், உதறல், ஒட்டிக்கொள்வது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒட்டிக்கொள்வது என்றதுமே அவள் என்னை நிறுத்தினாள்.

"பாத்திய இன்னும் கலக்காமலா போட்டுருக்காவ?"

"யாரும் இறங்கவே கூடாதுன்னு கயிறு கட்டிருக்காங்களே."

"மாசியில இருந்தா?" அவள் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "அக்கா, ஆறு நாளு கலக்காமப் போட்டா உப்பு மணியா விளையாது. ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பாளமா இறுகிரும். கடப்பார போட்டாலும் வராது. இது பொறந்த பிள்ளைக்கும் தெரியும். இந்த ஊருல ஒருத்தனுக்குக்கூடவா தோணல? அந்தக் கங்காணி மனுசன் நாள் பூரா கலக்குங்க கலக்குங்கன்னு வேற எதுக்குக் கத்துதாரு?"

அவளோடு நானும் அப்போதுதான் அதை யோசித்தேன். பாத்தியும் பாளமும் தவிர வேறு ஒன்றும் தெரியாத ஊர், மூன்று மாதமாக எதிரே ஒரு பாளம் இறுகுவதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றது.

அன்னக்கனி கட்டிலை விட்டு இறங்கினாள். முதல் அடியில் தள்ளாடினாள், சுவரைப் பிடித்துக்கொண்டாள், இரண்டாவது அடி வைத்தாள். நான் சொர்ணத்தைப் பார்த்தேன். சொர்ணம் முறத்தை ஓரமாக வைத்துவிட்டு எழுந்து, கதவை முழுசாகத் திறந்துவிட்டாள்.

தெருவில் அன்னக்கனி நடந்து போனதை இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆட்கள் ஓடி வந்தார்கள், அய்யோ அய்யோ என்றார்கள், முன்னால் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றார்கள், அவள் நேராக வந்ததும் விலகிக்கொண்டார்கள், ஏனென்றால் அவளை இடிக்கக் கூடாது, இழுக்கக் கூடாது, கையைப் பிடித்து மறிக்கக் கூடாது என்பது கமிட்டித் தீர்மானம். லிங்கதுரை அவளுக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்துகொண்டு வந்தான், "ஏளா வேண்டாம், ஏளா சொன்னாக் கேளு" என்று அழுதுகொண்டே வந்தான், உப்பளம் வரைக்கும் அப்படியே வந்தான். ஊரே பின்னால் வந்தது.

பதினான்காம் பாத்தியில் பால்துரை கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எறங்காதம்மா. மிதிச்சா பிள்ள ஒடஞ்சிரும். ஒம் பிள்ளய நீயே ஒடைக்காத."

"ஒடையணும் அண்ணாச்சி" என்றாள் அன்னக்கனி. "நாலு எடத்துல ஒடையணும்."

கயிற்றுக்கு அடியில் குனிந்து உள்ளே இறங்கினாள். இடது காலின் பாதியில், முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு பாதத்தையும் வைத்து ஏறி நின்றாள். குதிகாலை ஊன்றி அரைத்தாள். ஒன்றும் நடக்கவில்லை. பாளம் தொடைக் கனம் இருந்தது, மூன்று மாதத்து இறுகல். அவள் கால் அறுந்து தண்ணீரில் ரத்தம் கலங்கியது. கெட்ட வார்த்தையில் திட்டினாள், பாத்தியைத் திட்டினாள், கமிட்டியைத் திட்டினாள், என்னைப் பேர் சொல்லித் திட்டினாள், திட்டிக்கொண்டே மிதித்தாள். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சொர்ணம் இறங்கி இடது கைப்பக்கம் போனாள். அறுபது வயசு, இரண்டு முட்டும் தேய்ந்தவள், அவள் மிதித்த மிதியில் வரப்பு அதிர்ந்தது. அப்புறம் நானும் இறங்கினேன், வலது கைப்பக்கம்.

ஒரு மணி நேரம் இருக்கும். இடது முழங்காலில் முதலில் ஒரு கோடு விழுந்தது, கோடு வாய் பிளந்தது, பிளவுக்குள் தண்ணீர் சளக்கென்று புகுந்தது, அதே நொடியில் அன்னக்கனி நின்றுவிட்டாள். கையை வயிற்றில் வைத்தாள். வரப்பில் நின்ற ஊர் எட்டிப் பார்த்தது.

"ஒதைக்கிது" என்றாள். "அத்த, ஒதைக்கிதுத்த!"

அப்புறம் அவளைக் கையில் பிடிக்க முடியவில்லை. வலது முழங்காலுக்கு ஓடினாள். லிங்கதுரையும் குதித்து இறங்கி அவளோடு சேர்ந்து மிதித்தான். சொர்ணத்தின் பக்கம் முழங்கை பிளந்தது. வரப்பில் நின்ற பால்துரை, தன்னை அறியாமல் பழைய பழக்கத்தில், "கலக்குங்க, நல்லா கலக்குங்க" என்று கத்த ஆரம்பித்திருந்தார், கத்திக்கொண்டே அழுதார்.

என் பக்கத்தை இப்போது சொல்ல வேண்டும். நான் மெதுவாக மிதித்தேன். ஒவ்வொரு அடிக்கும் இது ஒரு குழந்தையின் கை, குழந்தையின் கை என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. ஒரு தடவை தப்பாக எழுதியவள், மறுபடி தப்பாக மிதித்துவிடக் கூடாதே என்று பயந்து பயந்து, ஈரத் தரையில் நடக்கிறவளைப் போலக் கால் வைத்தேன். ஒரு கோடு விழுந்தது. மெல்லிய கோடு. பிளக்கவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது, அன்னக்கனி வியர்த்து ஊற்றி நின்றாள், அவளைச் சீக்கிரம் நிழலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும் எனக்கு இருந்தது.

"ஒங்க பக்கம் ஆயிட்டாக்கா?" என்று கேட்டாள்.

"ஆயிட்டு" என்றேன்.

அந்தக் கோடு மறு வாரமே மூடிக்கொண்டது. அதற்குப் பிறகு ஆறு நாளைக்கு ஒரு தடவை அவள் போய் நாலு இடத்தையும் கலக்கினாள், ஊரும் கூடவே இறங்கியது, மூன்று இடம் வாய் திறந்தே இருந்தது, நாலாவது எத்தனை பேர் மிதித்தும் அசைந்து கொடுக்கவில்லை. புரட்டாசி முதல் வாரம் டவுன் ஆஸ்பத்திரியில் பெண் பிள்ளை பிறந்தது. அதே ராத்திரி பெய்த மழையில் பதினான்காம் பாத்தி கரைந்து வெறும் தண்ணீராகக் கிடந்தது. பிள்ளைக்கு சுபிக்ஷா என்று பேர் வைத்தார்கள். இரண்டு காலையும் அப்படி உதைத்தாள், இடது கையை மடக்கி விரல் சப்பினாள். வலது கை மட்டும் ஒரே கம்பாக நீட்டிக்கொண்டிருந்தது.

ஊர் இதிலிருந்து என்ன படித்தது என்று கேட்கிறீர்களா? இப்போது எட்டு மாத வயிற்றோடு சட்டி சுமக்கிறவளிடம் போய் ஓய்வு எடு என்று சொன்னால், "போங்கக்கா, அன்னக்கனி பாத்தியில எறங்கி மிதிக்கலியா?" என்று சிரிக்கிறாள். ரத்தம் குறைந்து முகம் வெளுத்தவளும் அதையேதான் சொல்கிறாள். டீக்கடைச் சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது. ஒருத்திக்கு ஓய்வு வேண்டும், இன்னொருத்திக்கு வேண்டாம், பார்த்துத்தான் சொல்ல முடியும் என்பதை நான் எந்தச் சீட்டில் எழுதி எதை லேமினேட் பண்ணி இவர்களுக்குப் புரியவைப்பது?

பிள்ளைக்கு ஒரு வயசு ஆனபோது அன்னக்கனியிடம் போய்ச் சொன்னேன். அன்றைக்கு ஆகவில்லை, பொய் சொன்னேன், பயந்துகொண்டு மிதித்தேன் என்று சொன்னேன். அவள் பிள்ளையின் வலது கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அடிப்பாள் என்றே நினைத்தேன், அடித்திருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கி என் மடியில் உட்காரவைத்து, அந்தக் கையை எடுத்து என் கையில் வைத்தாள்.

"அப்பம் நீங்களே மடக்குங்க" என்றாள். "வாரத்துக்கு ஒருக்க வாரது எல்லாம் வேண்டாம். தெனமும் வாங்க."

இரண்டு வருஷமாகத் தினமும் போகிறேன். வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, எண்ணெய் தடவி, டாக்டரம்மா காட்டிக்கொடுத்தபடி இழுத்து மடக்குகிறேன். சுபிக்ஷா கத்துவாள், நல்ல மூட்டுள்ள இரண்டு காலாலும் என் வயிற்றில் உதைப்பாள், நான் விடுவதில்லை. முதல் வருஷம் ஒரு விரல் அகலம் மடங்கியது. அப்புறம் இன்னும் கொஞ்சம்.

இன்று காலை ஒத்தடம் முடிந்ததும் அன்னக்கனி தட்டில் சோறு போட்டு வைத்தாள். இடது கையை எடுக்காதே, இந்தக் கையால் சாப்பிடு என்று நான் அதட்டினேன். சுபிக்ஷா வலது கையால் ஒரு பிடி எடுத்தாள், முகத்தைச் சுளித்துக்கொண்டு மடக்கிப் பார்த்தாள், முடிந்தமட்டும் மடக்கினாள், எட்டவில்லை, ஆத்திரத்தில் கையை நீட்டி அந்தச் சோற்றை என் வாயில் திணித்தாள். நான் மென்று விழுங்கினேன். அவள் வாய்க்கு இன்னும் நாலு விரல் தூரம் இருக்கிறது.